இயற்கை வேளாண்மை: உலக வரலாறும் பினாங்கின் பங்கும்



போன தவணையில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ‘இயற்கை விவசாயத்தின் நன்மைகள்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். முப்பத்திரண்டு கட்டுரைகள் வந்தன. எல்லாவற்றிலும் அதே மூன்று கருத்துகள்தாம்: உடலுக்கு நல்லது, மண்ணுக்கு நல்லது, சுற்றுச்சூழலுக்கு நல்லது. தவறில்லை. ஆனால் யார் தொடங்கினார்கள், எப்போது, எங்கே, ஏன் என்ற கேள்விகளுக்கு ஒரு கட்டுரையிலும் பதில் இல்லை. தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “டீச்சர், ஆர்கானிக்னா பணக்காரங்க சாப்பாடுதானே? கடையில ஒரு கட்டு கீரை என்ன வெலன்னு பாத்தீங்களா?” என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் தண்ணீர்மலையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம், என் பாட்டி. தென் கெடாவில் ஒரு தோட்டத்தில் பல ஆண்டுகள் மருந்தடிக்கும் வேலை செய்தவர். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு, பால்மரத்துக்கும் செம்பனைக்கும் அடியில் முளைக்கும் புல்லுக்கு மருந்தடிப்பார். கையுறை கிடையாது. முகத்தில் ஒரு துண்டு மட்டும் கட்டியிருப்பார். சின்ன வயதில் அவர் கைவிரல்களைப் பிடித்து விளையாடும்போது நகங்கள் கருத்து, நுனி உதிர்ந்து இருப்பதைப் பார்த்து, ஏன் என்று கேட்பேன். “மருந்து பட்டதுடி, வேற ஒண்ணுமில்ல” என்பார்.

மருந்து! தமிழில் நோயைத் தீர்ப்பதற்கும் இந்தச் சொல்தான். பூச்சியையும் புல்லையும் கொல்வதற்கும் இதே சொல்தான். மலாய் மொழியில் அந்தப் புட்டியின் மேல் ‘ராச்சுன்’, அதாவது நஞ்சு என்று பச்சையாகவே எழுதியிருக்கும். நாம்தான் அதை மருந்து என்று சொல்லிப் பழகினோம்.

இயற்கை வேளாண்மையின் வரலாறு கடையில் விற்கும் கீரைக் கட்டில் தொடங்கவில்லை. ஒரு பக்கம் அது இந்திய உழவர்களிடம் ஓர் ஆங்கிலேய விஞ்ஞானி படித்த பாடத்திலிருந்து வருகிறது. இன்னொரு பக்கம் நம் தோட்டப்புறப் பெண்களின் முதுகில் இருந்த பம்பிலிருந்து வருகிறது. இரண்டாவது பக்கத்தின் கதையில் நம் பினாங்குக்கு உலக அளவில் ஓர் இடம் உண்டு. பெரும்பாலான பயிற்சி நூல்களில் இல்லாத அந்தக் கதையைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

1. பெயரைப் புரிந்துகொள்வோம்

‘ஆர்கானிக்’ என்பதைத் தமிழில் இயற்கை வேளாண்மை, அங்கக வேளாண்மை, கரிம வேளாண்மை எனப் பலவாறு சொல்கிறோம். கரிமம் என்றதும் மாணவர்கள் வேதியியல் பாடத்தை நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இந்தப் பெயர் வேதியியலிலிருந்து வரவில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த நார்த்போர்ன் பிரபு 1940-இல் வெளியிட்ட நூலில், ஒரு பண்ணை என்பது முழு உயிரி போன்றது என்று விளக்கினார். மண், பயிர், கால்நடை, மனிதன் ஆகிய அனைத்தும் ஓர் உடலின் உறுப்புகள்போல ஒன்றையொன்று சார்ந்திருக்கும் என்பது அவர் கருத்து. அப்படிப் பார்த்தால் ‘அங்கக வேளாண்மை’ என்ற சொல்லே மூலப்பொருளுக்கு மிக நெருக்கமானது. அங்கம் என்றால் உறுப்பு அல்லவா?

இதன் நடைமுறையைச் சுருக்கமாகச் சொன்னால், செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் இல்லாமல், மண்ணின் உயிர்வளத்தைப் பெருக்கிப் பயிர் செய்வது. மட்கு உரம், தொழுவுரம், பசுந்தாள் உரம், பயிர்ச்சுழற்சி, கலப்புப்பயிர், மூடாக்கு, பூச்சிகளைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளைக் காப்பது ஆகியவை இதன் கருவிகள். ‘எதையும் போடாமல் சும்மா விடுவது’ இயற்கை வேளாண்மை என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. இதில் உழைப்பும் கவனிப்பும் கூடுதலாகவே தேவை.

நம் இலக்கியத்திலும் இதற்கு அடித்தளம் உண்டு. திருக்குறளில் ‘உழவு’ என்ற 104-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். உழுவதைவிட எருவிடுவது நல்லது என்றும், களை எடுத்தபின் நீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காவல் காப்பது நல்லது என்றும் 1038-ஆம் குறள் வரிசைப்படுத்துகிறது. அதற்கு முந்தைய குறளோ, புழுதியைக் கால் பங்காகும்வரை நன்றாகக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் இல்லாமலே பயிர் செழிக்கும் என்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், எருவும் முக்கியம், மண்ணைப் பக்குவம் செய்வதும் முக்கியம் என்ற கருத்து கிடைக்கும். மேற்கோள் தேடும் மாணவர்கள் இந்த இரட்டையை மறக்க வேண்டாம்.

2. ரசாயனம் எப்படி வந்தது?

இயற்கை வேளாண்மை ஒரு மறுப்பாக எழுந்தது. எதை மறுத்தது என்று தெரியாமல் அதன் வரலாறு புரியாது.

1840-இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக், பயிர்களுக்கு வேண்டிய கனிமச் சத்துகளைப் பற்றி எழுதிய நூல் செயற்கை உரங்களுக்கு வழி திறந்தது. 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரித்துக் காட்டினார். 1913-இல் கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார். முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கும் பயன்பட்ட இந்த முறையே பிறகு வயல்களுக்கான உரத்தைக் கொட்டிக் கொடுத்தது. 1939-இல் பால் முல்லர் டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று கண்டறிந்தார். அதற்காக 1948-இல் நோபல் பரிசும் பெற்றார்.

1960-களில் பசுமைப் புரட்சி வந்தது. பிலிப்பீன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 நெல் நம் நாட்டில் ‘பாடி ரியா’ என்ற பெயரில் நடப்பட்டது. பினாங்குக்கு வடக்கே கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970-இல் முழுமை பெற்று, ஒருபோகம் இருபோகம் ஆனது. விளைச்சல் கூடியது, பசி குறைந்தது. இதை மறைத்து எழுதக் கூடாது. ஆனால் அந்த வயல்களில் முன்பு தாராளமாகக் கிடைத்த ஹாருவான், செப்பாட், கெலி மீன்கள் குறைந்துபோனதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு அந்த மீன்தான் காசில்லாமல் கிடைத்த புரதச் சத்து.

3. உழவரைப் பேராசிரியராக ஏற்றவர்

ஆல்பர்ட் ஹோவர்ட் 1905-இல் இந்தியாவுக்கு வந்தார். பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பயிரியல் விஞ்ஞானி வேலை. இந்திய விவசாயிக்கு மேல்நாட்டு முறையைக் கற்றுக்கொடுப்பதே அவர் போன்றோரிடம் எதிர்பார்க்கப்பட்டது. அவருக்கு முன்பே 1893-இல் வோல்க்கர் என்ற வேதியியலாளர், இந்திய உழவர் சராசரி ஆங்கிலேய உழவருக்குக் குறைந்தவர் அல்லர் என்று தம் அறிக்கையில் எழுதியிருந்தார். ஹோவர்ட் அதைக் கண்ணால் கண்டார். பூசாவைச் சுற்றியிருந்த கிராமங்களில் எந்த நஞ்சும் தெளிக்காமலேயே பயிர்கள் பெரும்பாலும் நோயின்றி நின்றன. சரி, இவர்களிடமே படிப்போம் என்று முடிவெடுத்தார். உழவர்களையும் பூச்சிகளையும் தம் பேராசிரியர்களாக ஏற்றதாக அவரே பின்னாளில் எழுதினார். பூச்சி வந்தால் பயிருக்கோ மண்ணுக்கோ ஏதோ குறை இருக்கிறது என்று பொருள். குறையைச் சரிசெய்ய வேண்டும், சொல்ல வந்த பூச்சியைக் கொல்வதால் குறை தீராது. இதுவே அவர் பாடம்.

1924-இல் இந்தூரில் ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்து, அங்கே மட்கு உரம் தயாரிக்கும் முறை ஒன்றைச் செம்மைப்படுத்தினார். செடிகொடிக் கழிவு, சாணம், மர சாம்பல், மண் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டிவிட்டால் ஏறக்குறைய மூன்று மாதத்தில் நல்ல உரம் கிடைக்கும். இது ‘இந்தூர் முறை’ எனப் பெயர் பெற்றது. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. ஆய்வில் தோள் கொடுத்த அவர் மனைவி கேப்ரியலும் ஒரு தாவரவியல் விஞ்ஞானி. 1931-இல் ஹோவர்ட் இங்கிலாந்து திரும்பினார். 1940-இல் அவர் எழுதிய ‘வேளாண் சாசனம்’ பல நாடுகளில் படிக்கப்பட்டது.

‘இயற்கை விவசாயம் மேல்நாட்டுக் கண்டுபிடிப்பு’ என்று எழுதும் மாணவருக்கும், ‘எல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னது’ என்று எழுதும் மாணவருக்கும் ஹோவர்டின் வாழ்க்கை ஒருசேரப் பதில் சொல்கிறது. அறிவு உழவர்களிடம் இருந்தது. அதை அளந்து, சோதித்து, உலகம் படிக்கும்படி எழுதியவர் ஓர் ஆய்வாளர். இரண்டும் சேர்ந்தபோதுதான் இயக்கம் பிறந்தது.

4. இயக்கம் உலகில் பரவியது

ஹோவர்ட் தனி ஆள் அல்லர். 1924-இல் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து ஐரோப்பாவில் ‘உயிராற்றல் வேளாண்மை’ என்ற கிளை தோன்றியது. இங்கிலாந்தில் ஈவ் பால்ஃபர் அம்மையார் 1939-இல் ரசாயன முறையையும் இயற்கை முறையையும் அருகருகே ஒப்பிடும் பண்ணைச் சோதனையைத் தொடங்கினார். 1943-இல் ‘உயிருள்ள மண்’ என்ற நூலை எழுதினார். 1946-இல் மண் சங்கம் அமைய முன்னின்றார். அமெரிக்காவில் ஜே.ஐ. ரோடேல், ஹோவர்டின் எழுத்தால் ஈர்க்கப்பட்டு 1942-இல் இயற்கை வேளாண்மைக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். ஜப்பானில் மசானொபு ஃபுகுவோகா உழாமல், உரமிடாமல் நெல் விளைவித்தார். அவருடைய ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ 1978-இல் ஆங்கிலத்தில் வந்து, பிறகு தமிழிலும் வந்தது.

1962-இல் ரேச்சல் கார்சன் எழுதிய ‘மௌன வசந்தம்’ பெரும் திருப்பம். பூச்சிக்கொல்லிகள் பறவை, மீன், மனிதன் என்று உணவுச் சங்கிலி முழுவதும் ஏறிச் செல்வதை அந்த நூல் பொதுமக்களுக்கு எடுத்துச் சொன்னது. அமெரிக்கா 1972-இல் வேளாண்மையில் டி.டி.டி.யைத் தடை செய்தது. அதே 1972-இல் பிரான்சின் வெர்சாய் நகரில் இயற்கை வேளாண் இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பான ‘ஐஃபோம்’ உருவானது. அதுவரை தனித்தனித் தீவுகளாக இருந்த முயற்சிகளுக்கு அன்றுதான் ஒரு பொது மேடை கிடைத்தது.

5. தோட்டத்துப் பெண்களும் பினாங்கும்

இந்தப் பெயர்ப் பட்டியலில் ஒரு விடுபாடு இருக்கிறது. நுகர்வோர் உடல்நலம், மண்ணின் நலம் எல்லாம் பேசியாயிற்று. பம்பைச் சுமப்பவர் யார்? அந்தக் கேள்வி உரக்கக் கேட்ட இடங்களுள் ஒன்று பினாங்கு.

1969-இல் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அதன் தலைவராகப் பல பத்தாண்டுகள் இருந்தார். 2019 மே 17-இல் தம் 92-ஆம் வயதில் மறையும்வரை ஓயவில்லை. பொருளின் விலையையும் எடையையும் பார்ப்பதோடு பயனீட்டாளர் வேலை முடிந்துவிடுவதில்லை, அந்தப் பொருள் யாருடைய உடலை, எந்த மண்ணைக் கெடுத்து வந்தது என்றும் பார்க்க வேண்டும் என்ற நோக்கோடு அவர் சங்கத்தை நடத்தினார். 1970-களின் பிற்பகுதியில் ‘சஹாபாட் ஆலாம் மலேசியா’ என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் அவர் தலைமையில் பினாங்கில் எழுந்தது. அதே காலத்தில் உலகப் பயனீட்டாளர் அமைப்பின் வட்டார அலுவலகமும் பினாங்கில் இருந்தது. அதை நடத்திய அன்வர் பசால் உலகப் பயனீட்டாளர் அமைப்பின் தலைவராகவும் இருந்தவர்.

1982 மே மாதம் இந்த அமைப்புகள் கூட்டிய கூட்டத்தில், பல நாட்டவர் பினாங்கில் கூடி ‘பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பு’ என்பதைத் தொடங்கினர். வளர்ந்த நாடுகள் தம் மண்ணில் தடை செய்த நஞ்சுகளை ஏழை நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதே அன்றைய பெரிய பிரச்சினை. இரண்டே ஆண்டில் 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, போபாலில் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையிலிருந்து நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நஞ்சு வயலில் மட்டுமல்ல, தயாரிக்கும் இடத்திலேயே கொல்லும் என்பதை உலகம் அன்று கண்டது. 1985-இல் வலையமைப்பு மிகக் கொடிய பன்னிரண்டு பூச்சிக்கொல்லிகளின் பட்டியலை வெளியிட்டு இயக்கம் நடத்தியது. அந்தப் பட்டியலில் ஒன்று பாராகுவாட்.

நம் தோட்டங்களில் பல்லாண்டு அடிக்கப்பட்ட களைக்கொல்லிதான் பாராகுவாட். உள்ளே போனால் முறிவு மருந்தே கிடையாது. தோலில் பட்டால் புண், நகம் கெடுதல், மூக்கில் ரத்தம், கண்ணில் எரிச்சல். மலேசியத் தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். புட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். கடும் வெயிலில் முழுப் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது என்பதும் நடைமுறை உண்மை.

1991-இல் ஐரீன் பெர்னாண்டஸ் தொடங்கிய ‘தெனாகானித்தா’ அமைப்பும், 1992-இல் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பின் ஆசிய பசிபிக் கிளையும் சேர்ந்து இந்தப் பெண்களைச் சந்தித்துப் பேசி, 2002-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. ‘நஞ்சூட்டப்பட்டு வாயடைக்கப்பட்டவர்கள்’ என்பது அதன் தலைப்பின் பொருள். அதே 2002 ஆகஸ்டில் அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. வெற்றி என்று நினைத்தார்கள். ஆனால் 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. சுவீடன் 1983-இலேயே தடை செய்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-இல் அனுமதி போனது. நம் நாட்டில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல்தான். முதல் அறிவிப்புக்கும் முழுத் தடைக்கும் இடையில் பதினேழு ஆண்டுகளுக்கு மேல்! என் பாட்டி அந்தத் தேதியைப் பார்க்கவில்லை.

மாணவர்களே, காரணம் விளைவு எழுதும்போது இதைக் கவனியுங்கள். உடல்நலம் பற்றிய சான்று கையில் இருந்தும் ஏன் இவ்வளவு தாமதம்? மலிவாகவும் வேகமாகவும் புல்லை ஒழிக்கும் பொருளை விடத் தோட்டத் தொழில் தயங்கியது. பாதிக்கப்பட்டவர்களின் குரலோ மெலிந்தது. அறிவியல் உண்மை மட்டும் சட்டத்தை மாற்றுவதில்லை. யாராவது அதைத் தூக்கிக்கொண்டு பல ஆண்டுகள் நடக்க வேண்டியிருக்கிறது.

6. தமிழ்நாட்டில் எழுந்த குரல்

தமிழகத்தில் இந்த நடையை நடந்தவர் கோ. நம்மாழ்வார். 1938-இல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்து, வேளாண்மை படித்து, கோவில்பட்டி அரசு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். மழையை நம்பி வாழும் ஏழை உழவருக்கு விலையுயர்ந்த உரமும் பூச்சிக்கொல்லியும் பரிந்துரைக்கும் ஆராய்ச்சி பயன்படாது என்று கண்டு, 1969-இல் வேலையை விட்டார். பிறகு பேச்சும் நடைப்பயணமும் பயிற்சியுமாக ஊர் ஊராகச் சென்றார். வேப்ப மரத்தின் பூஞ்சைக்கொல்லிப் பண்புக்கு ஐரோப்பாவில் வழங்கப்பட்ட காப்புரிமைக்கு எதிரான போராட்டத்தில் பங்கெடுத்தார். அந்தக் காப்புரிமை 2000-இல் நீக்கப்பட்டது. கரூர் மாவட்டம் கடவூரில் ‘வானகம்’ என்ற பண்ணையை உருவாக்கினார். 2013 டிசம்பர் 30-இல் மறைந்தார்.

நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி அருகே நெல் திருவிழா நடத்தி, உழவர்களுக்கு மரபு நெல் விதை கொடுத்து, விளைந்ததும் இரட்டிப்பாகத் திருப்பித் தரச் சொன்னார். இப்படி 170 வகை அளவுக்கு மரபு நெல்லை மீட்டார். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பஞ்சகவ்யத்தைப் பயிருக்கான ஊக்கியாக வடிவமைத்துப் பரப்பினார். சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகிய ஐந்தோடு வெல்லம், இளநீர், வாழைப்பழம் முதலியன சேர்த்துப் புளிக்கவைத்து, 100 லிட்டர் நீருக்கு 3 லிட்டர் வீதம் கலந்து தெளிப்பது இதன் முறை.

இந்த முறைகள் கடல் கடந்து இங்கும் வந்தன. பஞ்சகவ்யம், மீன் அமிலம், மண்புழு உரம் ஆகியவற்றைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாம் மலேசியாவும் விவசாயிகளுக்கும் பள்ளிகளுக்கும் பயிற்சியாகக் கொடுத்து வருகின்றன. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் காய்கறித் தோட்டம் உருவானதில் இதற்குப் பங்குண்டு.

7. எண்கள் சொல்வதும் சொல்லாததும்

1980-களின் இறுதிவரை இயற்கை வேளாண்மை ஆர்வலர்களின் உலகமாகத்தான் இருந்தது. அமெரிக்கா 1990-இலும் ஐரோப்பியச் சமூகம் 1991-இலும் சட்டம் இயற்றிய பிறகு ‘ஆர்கானிக்’ என்பது சட்டப்பொருள் உள்ள சொல்லானது. சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லைப் போட்டு விற்க முடியாது. மலேசியா 2001-இல் தனித் தரநிலையை வகுத்தது. இன்று உள்நாட்டுப் பண்ணைகளுக்கு ‘மைஆர்கானிக்’ என்ற அரசுச் சான்று உள்ளது.

வளர்ச்சி வேகமானது. 1999-இல் உலகில் 1.1 கோடி ஹெக்டேர் நிலம் இயற்கை முறையில் இருந்தது. 2023-இல் அது ஏறக்குறைய 9.9 கோடி ஹெக்டேர். உழவர் எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்கு. சிக்கிம் மாநிலம் 2016-இல் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆஸ்திரியாவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் விளைநிலம் இயற்கை முறையில் உள்ளது.

எண்களைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. 9.9 கோடி ஹெக்டேர் என்பது உலக விளைநிலத்தில் ஏறக்குறைய 2 விழுக்காடுதான். அதிலும் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவில் உள்ளது, பெரும்பகுதி மேய்ச்சல் நிலம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது இயற்கை முறையில் விளைச்சல் சராசரியாக 20 விழுக்காடு அளவுக்குக் குறைவு என்பதும் உண்மை. பயிருக்குப் பயிர், மண்ணுக்கு மண் இது மாறும். சான்றிதழ் வாங்கும் செலவு சிறு விவசாயிக்குச் சுமை. அதனால்தான் உழவர்களும் வாங்குபவர்களும் ஒருவரையொருவர் சரிபார்த்துக்கொள்ளும் பங்கேற்பு உறுதிமுறை பல நாடுகளில் வளர்ந்து வருகிறது.

8. இலங்கை தந்த எச்சரிக்கை

2021 ஏப்ரல் மாத இறுதியில் இலங்கை அரசு ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதியைத் தடை செய்தது. நாடு முழுவதும் ஒரே தாவலில் இயற்கை வேளாண்மைக்கு மாற வேண்டும் என்றார்கள். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் அப்போது இருந்தது. தேவையான அளவு இயற்கை உரம் கையிருப்பில் இல்லை. உழவர்களுக்குப் பயிற்சியும் இல்லை. நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது, தேயிலையும் குறைந்தது. விவசாயிகள் வீதிக்கு வந்தனர். நவம்பரிலேயே தடை விலக்கப்பட்டது. கூலிக்குக் கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழர்களுக்கும் இந்த அடி விழுந்தது.

இதை வைத்து ‘இயற்கை வேளாண்மை தோற்றுவிட்டது’ என்று எழுதுவது சரியா? நிலம் மாறுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும் என்று சான்றிதழ் விதிகளே சொல்கின்றன. மண்ணில் உயிர்கள் பெருகக் காலம் பிடிக்கும். ஹோவர்ட் இருபத்தாறு ஆண்டுகள் இந்தியாவில் உழவர்களிடம் படித்தார். இலங்கையில் மேலிருந்து ஆணை வந்ததே தவிர, உழவரை யாரும் கேட்கவில்லை. உழவரைக் கேட்காமல் ரசாயனத்தைத் திணித்தாலும் தவறு, இயற்கை முறையைத் திணித்தாலும் தவறு.

9. பின்வரிசை மாணவனுக்குப் பதில்

அடுத்த வாரம் அந்த மாணவனை எழுப்பி, “உங்க வீட்டுல யாராவது தோட்டத்துல மருந்தடிச்சிருக்காங்களா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “எங்கப்பாவோட அம்மா, டீச்சர்” என்றான். வகுப்பில் இன்னும் ஒன்பது கைகள் உயர்ந்தன. அன்று நாங்கள் கட்டுரை எழுதவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொன்னேன். வந்த தாள்களில் ‘சுற்றுச்சூழலுக்கு நல்லது’ என்ற வரி ஒன்றிலும் இல்லை.

கடையில் ஆர்கானிக் கீரை விலை அதிகம் என்று அவன் சொன்னது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மலிவாகக் கிடைத்த பொருளின் மீதி விலையை இத்தனை காலம் யாரோ ஒருவர் தம் நகத்தாலும் மூச்சாலும் கட்டியிருக்கிறார் என்பதையும் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். இயற்கை முறையில் கீரை வளர்க்கப் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மிஞ்சும் காய்கறித் தோல், உதிர்ந்த இலை, கொஞ்சம் மண், கொஞ்சம் சாணம், மூன்று மாதப் பொறுமை. இந்தூர் முறை இதைத்தான் கேட்கிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் குவியும் தேங்காய் மட்டையைப் பார்க்கும்போதெல்லாம், இதில் எத்தனை பள்ளித் தோட்டத்துக்கு மூடாக்குப் போடலாம் என்று கணக்குப் போடுகிறேன்.

மொழியாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரையில் மாணவர் ‘பூச்சிமருந்து’ என்று எழுதினால் சிவப்பு மையால் வட்டமிட்டு ‘பூச்சிக்கொல்லி’ என்று திருத்துங்கள். சின்னத் திருத்தம்தான். ஆனால் என் பாட்டியிடம் யாராவது சரியான சொல்லைச் சொல்லியிருந்தால், அவர் கையுறை கேட்டிருப்பார்.

நினைவில் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1905 – ஹோவர்ட் இந்தியா வருகை
1913 – செயற்கை நைட்ரஜன் உர உற்பத்தி தொழிற்சாலை அளவில் தொடக்கம்
1940 – நார்த்போர்ன், ஹோவர்ட் ஆகியோரின் நூல்கள்
1946 – இங்கிலாந்தில் மண் சங்கம்
1962 – ‘மௌன வசந்தம்’
1969 – பினாங்கு பயனீட்டாளர் சங்கம். நம்மாழ்வார் அரசுப் பணியிலிருந்து விலகல்
1972 – ஐஃபோம் உலகக் கூட்டமைப்பு
1982 – பினாங்கில் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பு
1984 – போபால் பேரழிவு
2002 – தோட்டப் பெண்கள் பற்றிய ஆய்வறிக்கை. பாராகுவாட் குறித்த முதல் அறிவிப்பு
2016 – சிக்கிம் முழு இயற்கை வேளாண் மாநிலம்
2020 – மலேசியாவில் பாராகுவாட் முழுத் தடை
2021 – இலங்கையில் ரசாயன உரத் தடையும் விலக்கலும்

கலந்துரையாட வினாக்கள்

1. ‘இயற்கை வேளாண்மை உழவரின் அறிவும் ஆய்வாளரின் முறையும் சேர்ந்து பிறந்தது.’ ஹோவர்டின் பணியை எடுத்துக்காட்டி விளக்குக.
2. பசுமைப் புரட்சியால் கெடா, பெர்லிஸ் மாநிலங்களுக்குக் கிடைத்த நன்மை ஒன்றையும் இழப்பு ஒன்றையும் ஒப்பிட்டு எழுதுக.
3. பாராகுவாட் தடை தாமதமானதற்கான காரணங்களைச் சொந்த நடையில் எழுதுக.
4. இலங்கையின் அனுபவம் இயற்கை வேளாண்மைக்கு எதிரான சான்றா? உம் கருத்தை மூன்று காரணங்களுடன் நிறுவுக.
5. உம் குடும்பத்தில் தோட்டத்தில் வேலை செய்த ஒருவரை நேர்காணல் செய்து, 180 சொற்களுக்குள் அறிக்கை தயாரிக்கவும்.